விரல் எண்ணும் பூமிநாதன்

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் பூமிநாதனுக்குச் சந்தேகம் என்பது கூடப்பிறந்த குணம். கடையில் உப்பு வாங்கினால்கூட ஒரு கல்லை வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவான். திருச்சுழி என்று போர்டு மாட்டிய பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டு, டிரைவர், கண்டக்டர், பக்கத்து சீட்டுக்காரர் என்று மூன்று பேரிடம் இது திருச்சுழிக்குத்தானே போகிறது என்று கேட்பான். "பொண்ணு பார்க்க வந்தன்னைக்கு நான் குடுத்த காப்பிய, கூட வந்தவுக குடிச்சு முடிக்கிற வரைக்கும் வாயில வைக்காத மனுசன்" என்று அவன் மனைவி முருகலட்சுமி போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த தொழிலைப் பாருங்கள். நடக்காததை நடந்ததுபோலக் காட்டுவது. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கட்சிக்கூட்டம் எதுவானாலும் பேனரில் இருக்கிறவர்கள் சினிமாவில் வருவதுபோல வரவேண்டும் என்று சனங்களுக்கு ஆசை வந்துவிட்டது. ஏஐ செயலியில் அதற்கான பிராம்ப்டை, அதாவது எப்படிப்பட்ட படம் வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்லும் வாசகத்தை, எழுதுவதில் இந்த வட்டாரத்தில் பூமிநாதனை அடிக்க ஆள் கிடையாது.

அது சும்மா வந்த கைப்பழக்கம் இல்லை. 'தமிழ்நாட்டுக் கிராமம்' என்று எழுதினால் மெஷின் தென்னந்தோப்பையும் நெல்வயலையும் கொண்டுவந்து கொட்டும். நம்ம காட்டில் தென்னைக்கு எங்கே போவது? அதனால் அவன் முதல் வரியிலேயே தென்னை கூடாது, நெல் கூடாது, வெடித்த கரிசல் மண், வேலிக்கருவை, தூரத்தில் ரெண்டு பனை என்று கறாராக எழுதிவிடுவான். பிறகு வெளிச்சம். சாயங்காலம் ஐந்து மணி, சூரியன் ஆளுக்குப் பின்னால், முகத்தில் பாதி இருட்டு, காமிரா முழங்கால் உயரத்தில், பழைய பிலிம் சுருளின் புள்ளி. இந்த தினுசுக்கு அவன் வைத்த பெயர் 'கரிசல் சினிமா'. மழை பெய்த தெருவில் சிவப்பும் நீலமுமாக விளக்கு எரிந்தால் 'டவுன் சினிமா'. கறுப்பு வெள்ளையில் ஜன்னல் கம்பியின் நிழல் முகத்தில் விழுந்தால் 'பழைய சினிமா'. எல்லாம் நூற்றுக்கணக்கான படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நோட்டில் குறித்துச் சேர்த்த சரக்கு.

தானே பொய்ப்படம் போடுகிறவன் என்பதால் ஊரில் எந்தப் படத்தைப் பார்த்தாலும் அவனுக்கு நம்பிக்கை வராது. முதலில் விரலை எண்ணுவான். காசில்லாமல் கிடைக்கிற செயலிகள் இன்னமும் விரல் விஷயத்தில் தடுமாறும். நாலு போடும், ஆறு போடும். "பாம்பின் கால் பாம்பறியும்" என்று தன்னைத்தானே மெச்சிக்கொள்வான்.

சித்திரை மாதத்தில் ஒருநாள் தங்கமாரி கடைக்கு வந்தாள். திருச்சுழிப் பக்கம் ரேஷன் கடையில் எடை போடுகிறவள். அடுத்த மாதம் அவள் மகனுக்குக் காதுகுத்து. கடை வாட்ஸ்அப்புக்கு ஒரு படத்தை அனுப்பிவிட்டு, "அண்ணே, இது எங்க அப்பாவாம். பேனர்ல மேல வைக்கணும். பெருசு பண்ணிக் குடுங்க" என்றாள்.

அவள் பிறந்து பதினோரு மாதத்தில், பந்தல்குடி ரோட்டில் லாரி மோதி அப்பா ஆண்டிச்சாமி செத்துப்போனார். கூலிக்காரர். ஆடும் மேய்த்தவர். வாக்காளர் அட்டைக்குப் படம் பிடிக்க ஆட்கள் வருவதற்கு முன்பே போய்விட்டதால் அவருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அப்பா முகம் எப்படி இருக்கும் என்று தெரியாமலே வளர்ந்தவள் தங்கமாரி.

"படம் எங்கருந்து வந்துச்சு?" என்றான் பூமிநாதன். குரலிலேயே சந்தேகம் ஏறிவிட்டது.

பந்தல்குடி மொக்கையன் முன்பு சினிமா ஷூட்டிங்கில் லைட்டுத் தூக்கப் போனவர். போன வருஷம் தவறிவிட்டார். அவர் பெட்டியில் கிடந்த படம் என்று மகன் செல்லில் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறான். ஆட்டு மந்தையோடு நிற்கிறவர் ஆண்டிச்சாமி மாதிரி இருக்கிறது என்று யாரோ எழுதியிருக்கிறார்களாம்.

பூமிநாதன் படத்தைப் பெரிதாக்கினான். பின்னால் சாயங்கால வெயில். ஆட்டுக் காலடிப் புழுதி பொன்னாக எழும்பி நிற்கிறது. தலையில் துண்டு. முகத்தில் பாதி இருட்டு. காமிரா முழங்கால் உயரம். அவனுக்குச் சுருக்கென்றது. இது அவனுடைய கரிசல் சினிமா. வரி பிசகாமல் அவன் பிராம்ப்ட். கம்பைப் பிடித்த வலது கையில் விரலை எண்ணினான். நாலு.

"தங்கச்சி, இது மெஷின் போட்ட படம். மொக்கையன் மகன் போன மாசந்தான் என்கிட்ட வந்து, இதெல்லாம் எப்படிண்ணே எழுதுறீகன்னு நோண்டி நோண்டிக் கேட்டுட்டுப் போனான். கையப் பாரு, நாலு விரலு. ஆடு மேய்க்கிறவனுக்கு எவன் இப்படி லைட்டு வச்சுப் படம் எடுப்பான்?"

தங்கமாரி தன் செல்லை எடுத்தாள். "நல்லவேளை, எங்கம்மாட்ட காட்டல" என்றாள். அவன் கண்ணெதிரிலேயே படத்தை அழித்தாள். குரூப்பை விட்டும் வெளியேறினாள். "விளையாடுறதுக்கு ஒரு அளவில்லையாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பூமிநாதனுக்கோ ஒரு வீட்டை ஏமாற்றத்திலிருந்து காப்பாற்றிவிட்டோம் என்ற பெருமை தாங்கவில்லை.

ஆனால் தன்னிடம் இருந்த படத்தை அவன் அழிக்கவில்லை. அந்தப் புழுதி மாதிரி அவனுக்கு ஒருநாளும் வந்ததில்லை. மொக்கையன் மகன், திருட்டுப்பயல், என்னத்தை எழுதி இதை வரவழைத்தான் என்று தினமும் எடுத்து எடுத்துப் பார்த்தான்.

பதினைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம் தங்கமாரியின் அம்மா கருத்தம்மாள் கடைக்கு வந்தாள். ஆபீசுகளில் கூட்டிப் பெருக்குகிற வேலை. பையிலிருந்த பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்தாள்.

"தம்பி, நீங்க எழுதுனா மெஷினு ஆளப் போட்டுருமாமே. பேரன் பேனர்ல அவுக எடம் மட்டும் வெறுசா கெடக்கு. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. பொய்யாத்தான் இருக்கும், தெரியும். இருந்துட்டுப் போகுது."

மகளிடம் படம் வந்ததும் போனதும் அவளுக்குத் தெரியாது. பூமிநாதனும் வாயைத் திறக்கவில்லை. அவள் சொல்லச் சொல்ல எழுதினான். ஒடிசலான உடம்பு. காது ரெண்டும் விரிந்திருக்கும். தலையில் துண்டு. கையில் கம்பு.

"வலது கையில மோதிர விரலு பாதிதான் இருக்கும் தம்பி. பருத்தி ஜின்னிங் மில்லுல வேலைக்குப் போனப்ப பெல்ட்டுல மாட்டிருச்சு."

பூமிநாதனின் கை விசைப்பலகையிலேயே நின்றுவிட்டது. "தங்கமாரிக்கு இது தெரியாதா?"

"செத்தவுக குறையப் புள்ளகிட்ட எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

வலது கையில் நாலு விரல் என்று எழுதினான். மெஷின் அஞ்சு போட்டது. மோதிர விரல் பாதி என்று எழுதினான். அஞ்சு. அடித்துத் திருத்தி எழுதினான். மறுபடியும் அழகாக, குறையில்லாமல் அஞ்சு விரல். கருத்தம்மாள் ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, "இது யாரோ" என்றாள்.

சந்தேகம் அப்போதும் அவனை விடவில்லை. தங்கமாரி அனுப்பிய அந்தப் படத்தைத் தனியாகத் திறந்து கையைப் பெரிதாக்கினான். கம்பின் நிழல் என்று அன்றைக்கு நினைத்தது நிழல் இல்லை. பாதி விரல். சினிமாக்காரன் லைட்டு வைத்துத்தான் எடுத்திருக்கிறான், ஏனென்றால் அது மொக்கையன் லைட்டுத் தூக்கிய சினிமா ஷூட்டிங். பூமிநாதன் வருஷக்கணக்காகக் காப்பியடித்த வெளிச்சம் இந்தக் காட்டில், இந்த மனுசன் முதுகில் விழுந்த வெளிச்சம்தான். அசலைப் பார்த்து நகல் என்று சொல்லியிருக்கிறான். அதுவும் அப்பன் முகத்தைத் தேடி வந்த பெண்ணிடம்.

திரையைக் கருத்தம்மாள் பக்கம் திருப்பினான்.

கருத்தம்மாள் படத்தில் இருந்த முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் கிட்டே போனாள். திரையில் இருந்த கையின் மேல் தன் விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். இன்னொரு தடவை எண்ணினாள்.

"அஞ்சு இருந்துச்சுன்னா நான் நம்பியிருக்க மாட்டேன் தம்பி" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

பூமிநாதன் தங்கமாரிக்குப் போன் போட்டான். நடந்ததைச் சொன்னான். "தப்பு எம்மேலதான் தங்கச்சி" என்றும் சொன்னான். அந்தப் பக்கம் ரேஷன் கடைத் தராசுச் சத்தத்துக்கு நடுவே தங்கமாரி கேட்டாள்.

"அன்னைக்குப் பொய்யின்னீக. இன்னைக்கு உண்மைங்கிறீக. நீங்களே எழுதி இன்னொண்ணு போட்டீகளோ என்னமோ. நான் எதைண்ணே நம்ப?"

உலகத்தில் எல்லோரிடமும் அவன் கேட்ட கேள்விதான். செல்லைக் கருத்தம்மாளிடம் கொடுத்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் செல்லைக் காதில் வைத்தாள். "ஏ தங்கமாரி, உங்க அப்பாதான். வேலைய விட்டுட்டு வா. உங்கிட்ட நான் சொல்லாத குறை ஒண்ணு அவுக கையில இருக்கு. வந்து நீயே எண்ணிப் பாரு."