நீலக்கொடுவேலி என்று விற்ற வேர்

வெள்ளிக்கிழமை காலை ஆறே காலுக்குக் களியக்காவிளையில் திருவனந்தபுரம் பேருந்து ஏறினேன். முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். டிக்கெட் நாற்பத்து மூன்று ரூபாய். மடியில் நார்த்தங்காய் ஊறுகாய். கரமனையில் இருக்கும் தங்கை ராணியின் மகள் சுஜாவுக்கு மூன்றாம் மாதம். எதைத் தின்றாலும் வாந்தி என்று ராணி போனில் சொல்லியிருந்தாள்.

"நார்த்தங்காயா? வண்டியில எல்லாருக்கும் வாயில வெள்ளம் ஊறுதே சேட்டா," என்றார் நடத்துனர். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். புது ஆட்களிடம் எனக்குப் பேச்சு வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். இருபது வருடமாகக் குலசேகரம் பக்கம் ஒரு வைத்தியசாலையில் மருந்து இடிக்கிறேன்.

ஏழே முக்காலுக்குக் கரமனையில் இறங்கினேன். ஆற்றை ஒட்டிய சந்தில் இரண்டு அறை வாடகை வீடு. ராணியின் கணவர் டைல்ஸ் வேலைக்குப் போய்விட்டிருந்தார். தேயிலை போடுவதற்கு முன்பே ராணி என்னை அடுக்களைக்கு இழுத்துப் போனாள். அரிசி டிரம்மைத் திறந்து, அதற்குள்ளிருந்து சிவப்புப் பட்டுத்துணியில் பொதிந்த ஒன்றை எடுத்தாள்.

"நீலக்கொடுவேலியாக்கும் அண்ணே. கெழக்கேகோட்டையில ஆயிரத்தைந்நூறு ரூவாய்க்கு வாங்கினேன்."

இந்தப் பக்கம் பேசப்படும் கதை அது. செம்போத்துப் பறவை எங்கோ மலையிலிருந்து நீலக்கொடுவேலிக் கொம்பைக் கொண்டுவந்து கூட்டில் செருகி வைக்குமாம். கூட்டைப் பிரித்து ஆற்றில் விட்டால் மற்றச் சுள்ளிகள் எல்லாம் நீரின் ஒழுக்கோடு போக, அந்தக் கொம்பு மட்டும் எதிர்த்து ஏறிப் போகுமாம். அதை அரிசியில் போட்டு வைத்தால் அள்ள அள்ளக் குறையாதாம்.

"அப்பம் இனி ரேஷன் கடைக்குப் போகாண்டாம்," என்றேன்.

"உனக்கு எல்லாம் கேலி," என்று துணியை அவிழ்த்தாள்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஈரம் காயாத, விரல் பருமன் வேர். நாங்கள் சித்திரமூலம் என்று மூட்டை மூட்டையாக இறக்கும் சாதாரணக் கொடுவேலி. கையில் எண்ணெய் பூசாமல் நாங்கள் அதைத் தொடுவதில்லை. பச்சையாக அரைத்துத் தோலில் வைத்தால் தீப்பட்டதுபோல் கொப்புளிக்கும். நறுக்கிச் சுண்ணாம்புத் தெளிநீரில் போட்டால் நீர் இரத்தமாகச் சிவக்கும். கொட்டிவிட்டு மறுபடி ஊற்றுவோம்; சிவப்பு அற்றுப்போகும் வரை விடமாட்டோம். அப்புறமும் அளந்து சேர்ப்பது வைத்தியர்தான். கர்ப்பிணிகளைச் சாக்கின் பக்கமே நிற்க விடுவதில்லை. கருவைக் கலைக்கும் வேர் அது.

உறுதி செய்துகொள்ள மைத்துனரின் வெற்றிலைச் சுண்ணாம்பில் ஒரு சீவலை வைத்துத் தண்ணீர் தெளித்தேன். சிவந்தது.

"இது அரிசியில சும்மாதானே கெடக்கு?"

ராணி முந்தானையை முறுக்கினாள். "வெள்ளிக்கிழமைதோறும் ஒரு நகக்கண்ணு அளவு சீவி, பால்ல காய்ச்சி பிள்ளைக்கு குடுக்கச் சொன்னான். கரு கலையாம நல்லா ஒறச்சு நிக்குமாம். இன்னைக்குத்தான் முதல்ல, வெளுப்பில அஞ்சு மணிக்குக் குடுத்தேன்."

உள்ளறையிலிருந்து சுஜாவின் குரல் வந்தது. "பாதி வாந்தியில போச்சு மாமா. நாக்கு இப்பமும் எரியுது."

எட்டே காலுக்குச் சுஜாவை ஆட்டோவில் ஏற்றினோம். மிச்ச வேரை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டேன். எதைத் தின்றார்கள் என்று தெரியாமல் மருத்துவர் என்ன செய்வார்? ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் மருத்துவர் வேரைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஸ்கேனில் குழந்தையின் துடிப்பு தெரிந்தது. ஆனாலும் நாளைக் காலை வரை அங்கேயே இருக்க வேண்டும், வயிறு வலித்தாலோ இரத்தம் பட்டாலோ உடனே சொல்ல வேண்டும் என்றார். ராணி சுவரைப் பார்த்து நின்று அழுதாள். நான் வெளியே வந்து பேருந்து ஏறினேன்.

பதினொன்றரை, கிழக்கேகோட்டை. பேருந்துகள் திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில் அந்த வேர் வியாபாரி தார்ப்பாய் விரித்திருந்தான். பின்னால் ஒரு நீலப் பூவின் படம். நர்சரிகளில் அழகுக்கு விற்கிற செடியின் பூ அது. முன்னால் குவித்திருந்த வேருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புது ஆள், சுற்றிலும் கூட்டம். ஆனாலும் கேட்டேன்.

"இதைக் கர்ப்பிணிக்குக் குடுக்கச் சொன்னியா?"

"விசுவாசம் வேணும் அண்ணாச்சி. விசுவாசம் இருந்தா விஷமும் அமிர்தமாக்கும்."

"அப்பம் நீ ஒரு துண்டு தின்னு."

"வாங்கினவங்களுக்குத்தான் அது பலிக்கும். எனக்கு மதிய ஊண் சமயமும் ஆகல்லே!"

கூட்டம் சிரித்தது. கண்ணாடி போட்ட ஒருவர், "ஆளுங்க நம்பிக்கையில நீங்க எதுக்கு கேறி எடபடுறீங்க?" என்று என்னைத்தான் அதட்டினார். அரிசி குறையாது என்று நம்புவது நம்பிக்கை. வயிற்றுப் பிள்ளையோடு இருப்பவள் வாயில் நஞ்சை ஊற்றுவதற்கும் அதே பெயரா? இதை அங்கே சொல்லத்தான் வாய் திறந்தேன். காற்றுதான் வந்தது.

பக்கத்துப் போலீஸ் உதவி மையத்தில் ஒரு காவலர் பொறுமையாகக் கேட்டார். "எழுதித் தரணும். மலையாளத்துல ஆனா நல்லது." எனக்குத் தமிழ் எழுதுவதே தட்டுத்தடுமாறித்தான்.

இரண்டு மணிக்கு மறுபடி ஆஸ்பத்திரி. சுஜா இங்கே மலையாளம் படித்த பிள்ளை. படுக்கையில் சாய்ந்தபடி தாளை வாங்கினாள்.

"வேண்டாம் மக்களே," என்றாள் ராணி. "அம்மையே குடுத்தாள்னு எழுதினா நாட்டுக்காரங்க எனக்க மொகத்துல துப்பமாட்டாங்களா?"

"துப்பினா தொடச்சுக்கலாம் அம்மா. அடுத்த வெள்ளிக்கிழமை வேற ஒருத்தி குடிப்பா." ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கையெழுத்திட்டாள்.

நாலு மணிக்குக் காவலர் அதை நின்றபடியே படித்தார். முடிக்கும் முன்பே தொப்பியை எடுத்துக்கொண்டு என்னோடு இறங்கி நடந்தார். தார்ப்பாய் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

"அவன் போயாச்சு," என்றாள் பக்கத்தில் பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்த பெண். "இங்க கச்சவடம் பண்ணினது போதுமாம். திங்கட்கிழமை மார்த்தாண்டம் சந்தையில இருப்பானாம்."

காவலர் அதையும் குறித்துக்கொண்டார். அங்கேயும் தகவல் சொல்வதாகச் சொன்னார்.

ஆறு மணிப் பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன். மார்த்தாண்டம் என் ஊர்ச் சந்தை. சீர்ச் சாமானும் பிள்ளைக்கு மருந்தும் வாங்க எங்கள் பெண்கள் வரும் இடம். அவர்களிடம் தமிழில்தான் பேச வேண்டும். திங்கட்கிழமை வேலைக்கு வரமாட்டேன் என்று வைத்தியசாலைக்குப் போன் செய்தேன். இருபது வருடத்தில் நான் கேட்கும் முதல் விடுப்பு. என்ன விசேஷம் என்றார்கள்.

"கொஞ்சம் பேச வேண்டியிருக்கு," என்றேன்.