மாரியண்ணன் வயலில் பதினோரு போட்டோ

போன வாரம் என் மச்சினன் ஜோசப் விவசாயி ஆனான். ஒரே நாளில்!

எங்கள் ஊர் தாமுவே மார்க்கெட் பக்கம் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்கிறவன். முப்பத்திரண்டு வயதில் அவன் தூக்கிய பெரிய பாரம் ஒரு சுவர்க்கடிகாரம். இப்போது கடிகாரத்தை யார் ரிப்பேருக்குக் கொடுக்கிறார்கள்? சீனத்துக் கடிகாரம் நின்றால் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அதனால் மலேசியா போகிறேன் என்றான். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் இரண்டு வருட கான்ட்ராக்ட்.

ஏஜெண்ட் போட்டது ஒரே நிபந்தனைதான். "விவசாயம் பழகின ஆளா இருக்கணும். வயல்ல நிக்கிற போட்டோ ஒண்ணு ஒட்டிக் குடுங்க."

போட்டோதானே... கேமரா என்னிடம் இருக்கிறது. வயல்? அதற்குத்தான் ஆற்றுக்கு அக்கரையில் நெல் விளைகிற த்வாண்டே இருக்கிறதே!

படகில் ஆற்றைக் கடந்து டலாவுக்குப் போய், அங்கிருந்து லைன் கார் என்கிற ஷேர் வேனில் தொங்கிக்கொண்டு, மாரிமுத்து அண்ணன் வயலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அவர் மகள் என்னிடம் டியூஷன் படித்தவள். அந்தப் பழக்கத்தில் அண்ணன் இன்றைக்கும் என்னை பர்மிய வழக்கில் 'சயா', அதாவது வாத்தியார், என்றுதான் கூப்பிடுவார்.

போனால், வரப்பில் எங்களுக்கு முன்னால் பத்துப் பேர்! ஒருவர் தையல்காரர், ஒருவர் சினிமா கொட்டகையில் டிக்கெட் கிழித்தவர். எல்லோரும் அதே ஏஜெண்ட் அனுப்பிய விவசாயிகள். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே மூங்கில் தொப்பி, தலை மாறி தலை போய்க்கொண்டிருந்தது.

மாரியண்ணன் லேசுப்பட்டவரா? "காசு வேணாம். ஆளுக்கு ரெண்டு வரிசை நட்டுட்டு, போட்டோ எடுத்துக்குங்க" என்றார். நடவு நேரம். நடத் தெரிந்தவர்கள் பாதிப்பேர் தாய்லாந்தில், மீதி மலேசியாவில். அவர்தான் என்ன செய்வார்?

ஜோசப் கைலியை மடித்துக் கட்டி இறங்கினான். ஒவ்வொரு நாற்றாக எடுத்து, கடிகாரத்துக்குள் ஸ்க்ரூ வைக்கிற மாதிரி வைத்தான். அண்ணன் பின்னாலேயே வந்து, பிடுங்கிப் பிடுங்கி மறுபடி நட்டார்.

"நானும் மலேசியாவுக்கு எழுதிக் குடுத்திருக்கேன் சயா" என்றார் நட்டுக்கொண்டே. "ரெண்டு வருசமா உப்புத்தண்ணி ஏறி நெல்லு போச்சு. இது கெடைக்கலேன்னா வயலை விட்டுட்டு அலோன் படகுத்துறையில மூட்டை தூக்கணும். இந்த வயசுல முடியுமா?"

"உங்களுக்கென்னண்ணே, முதல் பேரே உங்க பேருதான்!" என்றேன். நான்தான் எல்லாம் தெரிந்தவனாயிற்றே.

இந்த வாரம் ஆள் எடுத்தார்கள். மலேசியாவிலிருந்து வந்த ஆபீசரும் தமிழர்தான். ஃபாரம் நிரப்பிக் கொடுக்க ஜோசப்புடன் நானும் போயிருந்தேன். பதினோரு போட்டோ, பதினோரு பேர், தலையில் அதே தொப்பி... அது அந்த ஆபீசர் கண்ணில் படவே இல்லை. போட்டோவில் ஜோசப்பின் முழங்கால் சேற்றைப் பார்த்துவிட்டு, "நல்ல உழைப்பாளி" என்று டிக் அடித்தார்.

அடுத்து மாரியண்ணன். வெள்ளைச் சட்டை, அதன்மேல் கல்யாணத்துக்குப் போடுகிற தைபோன் என்கிற பர்மியக் கோட்டு. ஃபாரத்தில் ஒட்டியிருந்தது ஸ்டுடியோ போட்டோ. பக்கத்தில் பிளாஸ்டிக் ரோஜா, கை ஒரு டெலிபோன் மேல்! தினம் சேற்றில் நிற்கிறவர் போட்டோவுக்கும் சேற்றிலா போய் நிற்பார்?

"வயல் போட்டோ எங்க?"

அண்ணன் மேஜைமேல் கிடந்த பதினொன்றையும் காட்டினார். "அது அத்தனையும் என் வயல்தாங்க."

"அப்ப நீங்க முதலாளி. எங்களுக்கு வேண்டியது வேலையாள்." ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் ஜோசப்பின் டிக் போய்விடும். திறக்கவில்லை. பேப்பரில் ஊருக்கெல்லாம் நியாயம் எழுதுகிறவன், அங்கே கூரையில் சுற்றிய ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

வெளியே படியில் அண்ணன் கோட்டைக் கழற்றி மடித்தார். ஜோசப் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"தம்பி நல்லபடியா போய்ட்டு வரட்டும்" என்றார். நாலு படி இறங்கியவர் திரும்பினார். "சயா, அந்த ஆபீசரை ஒண்ணு கேட்டுப் பாருங்க. நாத்து இன்னும் பாதி கெடக்கு. மலேசியாவுலேருந்து நடவுக்கு ரெண்டு ஆள் அனுப்புவாரா? போட்டோ எல்லாம் வேணாம்னு சொல்லுங்க."