கெத்தரின் எதற்குப் பிரெஞ்சு படிக்கிறாள்?

கெத்தரின் பிரெஞ்சு படிக்கிறாள் என்ற செய்தி தேயிலைத் தோட்டத்தில் பரவியதிலிருந்து, பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். எதுக்கு? கேட்டவர்கள் பதிலுக்காவது நின்றார்களா என்றால், எங்கே! காரணத்தையும் அவர்களே சொல்லிவிட்டுப் போனார்கள். சர்ச் ஃபாதர், கன்னியாஸ்திரிகளின் பெரிய மடம் பிரான்சில் இருக்கிறது, அவள் மகளுக்குப் பின்னால் உதவும் என்றார். அண்ணன், கனடாவுக்கு மனுப் போட்டால் அந்த மொழிக்குத் தனியாகப் புள்ளி கொடுக்கிறார்களாம் என்றான். வகுப்பு நடத்துகிற டீச்சர்கூட முதல் நாளே, அது எத்தனை நாடுகளில் பேசுகிற மொழி என்று உலகப் படத்தை விரித்துக் காட்டினார். புருஷன் நோபர்ட் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. காய்ச்சல் மாதிரி இதுவும் நாலு நாளில் விட்டுவிடும் என்று இருந்தான் மனுஷன்.

அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். கடன் வாங்கி மோட்டார் சைக்கிள் எடுக்கிற பயலை யாராவது நிறுத்தி, எதுக்குடா என்று கேட்டார்களா? கொழுந்து எடுத்த கை நோட்டுக் கொப்பியைத் தொட்டுவிட்டால் மட்டும் ஊருக்கே விளக்கம் சொல்ல வேண்டுமா?

இரத்தோட்டைக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்தில் கலியாணமாகி வந்த நாள் முதல் கொழுந்து எடுத்தவள்தான் கெத்தரின். சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்று தோட்டப் பதிவில் பெயரை வெட்டிக்கொண்டு, மாத்தளை மெயின் ரோட்டில் ஒரு ஸ்பைஸ் கார்டனில் சேர்ந்தாள். வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு வேன்கள் அங்கே வரும். கைட் ஒருவர் அவர்களை மரம் மரமாகக் கூட்டிப்போய், இது கறுவா, இது கராம்பு, இது வெனிலா என்று காட்டுவார். கடைசியில் ஒரு கொட்டகையில் உட்காரவைத்து மூலிகைத் தேநீர் கொடுத்து, கடைப் பக்கம் திருப்பிவிடுவார்கள். பேசுகிறவர்கள் எல்லாம் ஆண்கள். பெண்களுக்கு வேலை, கோப்பையை நீட்டிச் சிரிப்பது. நாலு வருஷம் சிரித்தாள். பிறகுதான் சனிக்கிழமைகளில் லீவு கேட்டு, கண்டிக்கு பஸ் ஏறி, வகுப்பில் சேர்ந்தாள். இரண்டு வருஷத்தில் பிரெஞ்சு பேசுகிற கைட் ஹோட்டல் வேலைக்குப் போய்விட, முதலாளி வேறு வழியில்லாமல் அவளை அனுப்பிப் பார்த்தார். வேன்காரர்கள் இப்போது அவளைக் கேட்டே வருகிறார்கள்.

இதையெல்லாம் லயத்து வரிசை வீடுகளில் சொன்னால் யார் நம்புகிறார்கள்? அங்கே எல்லாருக்கும் தெரிந்த கணக்கு ஒன்று இருந்தது. கொரிய மொழி படித்த வினோஜன் கொரியாவுக்குப் போனான். ஹீப்ரு படித்த நிரோஜா இஸ்ரேலில் யாரோ ஒரு கிழவியைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள். அரபியில் நாலு வார்த்தை பழகினவர்கள் எல்லாம் குவைத்தில் இருக்கிறார்கள். பாஷை படித்தவர்கள் பிளேன் ஏறாமல் இருந்ததே இல்லை. ஆக, கெத்தரின் பிரான்சுக்குப் போகப் போகிறாள். முடிந்தது கதை.

சுவர் ஒட்டிய அடுத்த காம்பராவில் இருக்கிற கிருஷ்ணம்மா ஒருநாள் பொட்டலத்தோடு வந்து நின்றாள். வறுத்துத் திரித்த மிளகாய்த்தூள், மாசிக் கருவாடு, ஒரு போத்தல் எலுமிச்சங்காய் ஊறுகாய். தங்கச்சி மகன் பாரிசில் இருக்கிறானாம், போகும்போது கொடுத்துவிட வேண்டுமாம். கெத்தரினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கேயும் போகவில்லை அக்கா என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள். பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று கண்ணைச் சிமிட்டிவிட்டு, பொட்டலத்தை வைத்துவிட்டே போனாள் கிருஷ்ணம்மா.

அந்தச் சிரிப்பு, வீடு ஒதுக்குகிற கூட்டம் வரைக்கும்தான்.

போன பெருமழையில் கெத்தரினின் காம்பராவுக்குப் பின்னால் மேடு சரிந்து, சுவர் கை நுழைகிற அளவுக்கு வெடித்துவிட்டது. ஆபீஸ் ஆட்கள் வந்து பார்த்து, இங்கே இருக்கக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். எங்கே போய் இருப்பது என்று ஒட்டவில்லை. மழை இரைந்தால் மகளைத் தூக்கிக்கொண்டு சர்ச்சுக்கு ஓடுவதுதான் பழக்கம். இப்படி வெடித்த காம்பராக்காரர்களுக்குக் கீழ் மலையில் ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் என்று ஒருவழியாக முடிவாகி வந்தது. ஆத்தா கோயில் வாசலில் தோட்டத் தலைவர் அழகமுத்து பெயர்களை வாசித்தார். பத்துக் குடும்பம். கெத்தரின் பெயர் இல்லை.

சுவரே வெடிக்காத வீட்டுக்காரர் இரண்டு பேரின் பெயர் அதில் இருந்தது. கெத்தரின் எழுந்து ஏன் என்று கேட்டாள். தலைவர் கெட்ட மனுஷர் இல்லை. அதனால்தான் அவ்வளவு நிதானமாகச் சொல்ல முடிந்தது.

"நீதான் பிரான்சுக்குப் போறியேம்மா. வீட்ட வாங்கிப் பூட்டிப்போட்டுட்டு நீ போயிட்டா, இங்க கெடக்கிற சனம் என்னா பண்ணும்?"

கூட்டம் தலையாட்டியது. கிருஷ்ணம்மாவும் ஆட்டினாள். நோபர்ட் சேலையைப் பிடித்து இழுத்து, உட்காரு, பொறகு பேசலாம் என்றான். எப்போது பேசுவது? சுவர் மகள்மேல் விழுந்த பிறகா?

போகவில்லை என்று அவள் சொல்லச் சொல்ல, தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். இந்தத் தோட்டத்தை விட்டுப் போகமாட்டேன் என்று ஆத்தா முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தால் பெயரைச் சேர்த்துவிடலாம். கோழி திருட்டு முதல் குடும்பச் சண்டை வரை அங்கே அதுதான் கடைசித் தீர்ப்பு. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டுப் பொய் சொன்ன ஆள் கிடையாது. பூசாரி தட்டில் சூடத்தைக் குவித்து ஏற்றினார்.

கெத்தரின் தட்டுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அணைக்கிறேன் தலைவரே. நான் வேதக்காரி, மாதா கோவிச்சுக்க மாட்டா. ஆனா எதுக்குப் படிக்கிறேன்னு இவ்வளவு நாளா கேட்டீங்களே, அத மொதல்ல கேளுங்க."

அன்றுதான் அவள் முதல்முறையாக வாய்திறந்து காரணத்தைச் சொன்னாள். கோப்பையை நீட்டிய நாட்களில், பழைய கைட் ஒவ்வொரு தடவையும் அவளைக் கைகாட்டி ஏதோ சொல்வார். வந்தவர்கள் அவளை ஐயோ பாவம் என்று பார்ப்பார்கள். அவளும் சிரிப்பாள். அது என்னவென்று தெரியாமல் தூக்கம் வராது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் கண்டிக்கு பஸ் ஏறினாள். வகுப்பில் சேர்ந்த சில மாதங்களில் ஒருநாள் புரிந்துவிட்டது.

"இவங்க இந்த நாட்டு ஆளுங்க இல்ல, இந்தியாவுலருந்து கூலி வேலைக்குக் கொண்டாந்தவங்கன்னு சொல்லியிருக்கான். எங்க பூட்டன் பொறந்ததும் இந்த மலையில, செத்ததும் இந்த மலையில. நான் சிரிச்சுக்கிட்டே தேத்தண்ணி குடுத்திருக்கேன். அவன் சொன்னதாவது எனக்குத் தெரியாத பாஷ. நீங்க தமிழ்லயே சொல்றீங்களே தலைவரே, நான் இந்த ஊரு ஆளு இல்லன்னு!"

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"போறதுக்குப் படிக்கல. இங்க நிக்கிறதுக்குத்தான் படிச்சேன். இப்ப வர்ற வெள்ளைக்காரன்கிட்ட நான்தான் சொல்றேன், இது என் ஊருன்னு. சரி, சூடம் எரியுது. வீடு கெடச்ச பத்துப் பேரும் வாங்க. நாங்களும் போகமாட்டோம், எங்க புள்ளைங்களும் போகாதுன்னு ஆளுக்கு ஒருக்கா அணைச்சுட்டுப் போங்க. கடைசியா நான் அணைக்கிறேன்."

பத்துக் குடும்பத்தில் எட்டுக்கு வெளிநாட்டில் ஆள் இருந்தது. மிச்ச இரண்டில் பாஸ்போர்ட் எடுத்துவைத்த பிள்ளைகள் இருந்தார்கள். தலைவரின் இளைய மகனே கொரிய மொழிப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருந்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பூசாரி இன்னும் இரண்டு கட்டி போட்டார். ஒரு கையும் நீளவில்லை. சூடம் எரிந்து எரிந்து தானாகவே அணைந்து, தட்டில் கரிதான் மிஞ்சியது.

அழகமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வாசிப்பவர் போல, பதினொன்றாவதாகக் கெத்தரினின் பெயரைச் சொன்னார்.