சைக்கிள் கேள்விக்கு ஏழு மார்க்

ஆங்கிலம் பேசச் சொல்லிக்கொடுக்கிற தொழிலில் கணக்கு ரொம்பச் சுலபம்: மாணவர் தேறினால் அவர் கெட்டிக்காரர், தவறினால் டீச்சர் சரியில்லை.

2010லிருந்து மூன்று வருடம் சிட்னி ஹோம்புஷில் எங்கள் ஃப்ளாட் ஹாலில் சனிக்கிழமைதோறும் இந்த வேலையைச் செய்தேன். இங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கான பி.ஆருக்கும் வேலைப் பதிவுக்கும் கேட்கிறார்களே அந்த ஆங்கிலத் தேர்வு, அதில் பேச்சுப் பகுதி மட்டும் என் பொறுப்பு. அதை எழுதியவர்களுக்கு அந்த அறையைப் பற்றி நான் சொல்ல வேண்டாம். தேர்வாளர் சிரித்த முகத்தோடு, "சைக்கிள் ஓட்டுவீர்களா?" என்பார். பஸ் ஸ்டாப்பில் கேட்டால் அரைமணி பேசுகிற நமக்கு அங்கே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

சைக்கிள் கேள்விகளை வைத்தே நான் பயிற்சி கொடுத்தேன். சைக்கிள் தெரியாத ஆள் கிடையாது, எல்லாருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன்.

பூமி சூடாகாது

கோயம்புத்தூர் கார்த்திக் பி.இ. முடித்தவர். பி.ஆர். கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி இங்கே சமையல் படித்துக்கொண்டிருந்தார். சைக்கிளுக்கென்று ஒரு பதிலை நெட்டுரு போட்டு வைத்திருந்தார். சைக்கிள் ஓட்டினால் இதயம் பலப்படும், புகை குறையும், பூமி சூடாகாது. முதல் சைக்கிளை யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டேன். பூமி சூடாகாது என்றார். எந்த வயதில் ஓட்டக் கற்றீர்கள் என்றேன். இதயம் பலப்படும் என்றார்.

கடைசியில் தமிழிலேயே கேட்டுப் பார்த்தேன். மளமளவென்று வந்தது. பத்தாவதில் நல்ல மார்க் எடுத்ததற்கு அப்பா வாங்கித் தந்தாராம். முதல் வாரமே டியூஷன் வாசலில் பூட்டாமல் விட்டுத் தொலைத்துவிட்டு, பூட்டை உடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று வீட்டில் சொன்னாராம். இதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லுங்கள், இதைவிட நல்ல பதில் எங்கே கிடைக்கும் என்றேன். பையன் முகம் வாடிவிட்டது. "அப்பா இன்னும் பூட்டை உடைச்சாங்கன்னுதான் நம்பிக்கிட்டிருக்கார் மேடம். வெள்ளைக்காரர்கிட்ட மட்டும் எப்படி உண்மையைச் சொல்றது?"

கேட்டதற்குப் பதில்

வதனியின் விஷயம் வேறு. யாழ்ப்பாணத்தில் நர்ஸாக இருந்தவர். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளர். நாலு பகுதியிலும் ஒன்பதுக்கு ஏழு வாங்கினால் நர்ஸாகப் பதிவு செய்யலாம், அதைக் காட்டி பி.ஆருக்குப் போடலாம். கணவர் சுதனின் மாணவர் விசா முடிய ஆறு மாதம்தான் இருந்தது. அதற்குள் வாங்காவிட்டால் இரண்டு பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான். இரண்டு தடவை எழுதியாயிற்று. மற்ற மூன்றிலும் ஏழுக்கு மேல், பேச்சில் மட்டும் இரண்டு தடவையும் ஆறு.

ஆங்கிலத்தில் குறையே இல்லை. ஆனால் அளந்துதான் வரும். சைக்கிள் இருந்ததா? இருந்தது. யாருடையது? என்னுடையது. எங்கே போவீர்கள்? ஆஸ்பத்திரிக்கு. அவ்வளவுதான், பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு அடுத்த கேள்விக்குக் காத்திருப்பார். நான் பொறுமைக்குப் பேர்போனவள் இல்லை. ஒரு சனிக்கிழமை எல்லார் முன்னாலும், வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கேட்டதுக்குச் சரியாத்தானே ரீச்சர் சொன்னனான்" என்றார்.

ஹெல்மெட்டோடு ஒரு வகுப்பு

உட்கார்த்தி வைத்துக் கேட்டால் வராதது ஓட்ட வைத்தால் வரும் என்று எனக்கு ஒரு யோசனை. இருவரையும் பக்கத்தில் ஒலிம்பிக் பார்க்குக்குக் கூட்டிப்போய் வாடகை சைக்கிள் எடுத்தோம். ஹெல்மெட் போட்டால் முடி கலைந்துவிடும் என்று கார்த்திக்குக்கு வருத்தம். எனக்கு இருபது வருடத்துக்குப் பிறகு பெடல் மிதிக்கிற வருத்தம். வதனியோ காற்றாகப் பறந்தார். வளைவில் கூட வேகம் குறையவில்லை, சிரித்துக்கொண்டே எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

பாதையோரம் ஒரு போலீஸ்காரர் காப்பி குடித்துக்கொண்டு நின்றார். வதனி பிரேக் பிடித்து இறங்கினார். தலையைக் குனிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அவரைக் கடந்து, முப்பது நாற்பது அடி தள்ளிப் போன பிறகுதான் மறுபடி ஏறினார். போலீஸ்காரர் சொன்ன குட்மார்னிங் அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. செயின் கழன்றுவிட்டதா என்று கேட்டுக்கொண்டு கார்த்திக் ஓடினார். இல்லை, ஊரில் ராணுவக்காரர் காவல் நிற்கிற சென்றியைக் கண்டால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும், கால் தானாக இறங்கிவிட்டது என்றார் வதனி.

புல்லில் உட்கார்ந்து மீதியையும் சொன்னார். பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து வேலைக்குப் போன காலம் வரை வழியில் இரண்டு சென்றி. யாருடைய சைக்கிள், எங்கே போகிறாய், அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வார்களாம். ஒரு சொல்லில் பதில் சொன்னால் போகலாம். இரண்டாவது சொல்லைச் சொன்னால் அதிலிருந்து பத்துக் கேள்வி முளைக்கும். கூடப் படித்த ஒருத்தி மரியாதைக்கு நாலு வார்த்தை கூடச் சொல்லப்போய், அரைநாள் வெயிலில் நின்றாளாம். எனக்கு என் கேள்விகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. யாருடைய சைக்கிள், எங்கே போவீர்கள், யாரோடு போவீர்கள். வெட்கமாக இருந்தது. அந்தக் கொழுக்கட்டைப் பேச்சுக்கு அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். வதனி புல்லைப் பிய்த்துக்கொண்டே, "நீங்களும் எழுதிக்கொண்டுதானே ரீச்சர் கேக்கிறனீங்கள்" என்றார்.

குசினியில் தேர்வு

அடுத்த வாரத்திலிருந்து அவருக்கு மேசையும் கிடையாது, நோட்டும் கிடையாது. அவர் வீட்டுக் குசினியில் பாடம். அவர் வெங்காயம் வெட்டுவார், நான் கதவில் சாய்ந்துகொண்டு ஆங்கிலத்தில் கேட்பேன். முதலில் இரண்டு வாக்கியம் வந்தது, ஒரு மாதத்தில் ஆறு. ஒருநாள் டைனமோ கதை வந்தது. கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு வயர் கொடுத்துச் செய்தி கேட்பார்களாம். சுற்றுகிறவர் சுவாரசியத்தில் கையை நிறுத்தினால் செய்தியும் பாதியில் நின்றுவிடும். யார் இறந்தார்கள் என்று தெரியாமல் எல்லாரும் அவரைத் திட்டுவார்கள். அதை ஆங்கிலத்தில் சொல்லி என்னைச் சிரிக்கவும் வைத்தார், கலங்கவும் வைத்தார்.

ஆனால் தேர்வறையிலிருந்து மேசையை எடுக்க முடியாது, எழுதுகிற ஆளையும் எடுக்க முடியாது. அதனால் கடைசி மூன்று வாரம் மேசையைத் திரும்பக் கொண்டுவந்தோம். சுதன் டை கட்டிக்கொண்டு, பேனாவோடு தேர்வாளராக உட்கார்ந்தார். முதல் நாள் வதனி மறுபடி ஒரு சொல்லுக்கே போய்விட்டார். இரண்டாவது வாரம் சுதனின் கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்து டைனமோ கதையைச் சொல்லி முடித்தார். சுதன் ஒரு எழுத்துகூட எழுதியிருக்கவில்லை. "கலியாணம் கட்டி ஆறு வருசம் ரீச்சர், இந்தக் கதையை எனக்கே சொல்லேல்லை."

நிறுத்தச் சொன்னபோது

தேர்வு நடந்தபோது விசாவில் இரண்டு மாதம்கூட மிச்சமில்லை. எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, பரவாயில்லை என்று மட்டும் சொன்னார். பழைய மாதிரி ஒரு சொல். நான் பயந்துபோனேன்.

முடிவு வந்த அன்று தாளோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். பேச்சு ஏழு. மற்ற மூன்றும் ஏழுக்குக் குறையவில்லை. இருவரும் கட்டிப்பிடித்து அழுது முடித்த பிறகுதான் தேர்வறையில் நடந்ததைச் சொன்னார், அதுவரை சொல்லப் பயமாம். சின்ன வயதில் பயன்படுத்திய ஒரு பொருளைப் பற்றிப் பேசச் சொன்னார்களாம். இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டார். இரண்டு நிமிடம் முடிந்து தேர்வாளர் நன்றி சொல்லியிருக்கிறார். செய்தி பாதியில் நின்ற இடத்தில் அப்போது கதை இருந்ததாம். "நிப்பாட்டச் சொல்லிக் கையைக் காட்டினவர் ரீச்சர். நான் இறங்கேல்லை, சொல்லி முடிச்சிட்டுத்தான் நிப்பாட்டினனான்."

மூன்று வருடம் ஊரையெல்லாம் பேசு பேசு என்று விரட்டிய எனக்கு, நான் வாயை மூடிக்கொண்டு வெங்காய வாசனையில் நின்ற அந்தச் சில மாதங்களில்தான் தொழில் கொஞ்சம் பிடிபட்டது.