புகையில் நின்றுபோன மெஷின்

பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்தபோது என் கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு வியாதி இருந்தது. புகையைக் கண்டால் நின்றுவிடும்.

நாங்கள் விளையாடியது துப்பாக்கிச் சண்டை. எதிரில் இருப்பவன் புகைக்குண்டு வீசுவான், திரை வெளுக்கும், என் மெஷின் இரண்டு மூன்று விநாடி அப்படியே உறைந்து நிற்கும். மறுபடி அது அசையும்போது நான் செத்துத் தரையில் கிடப்பேன். மற்ற நேரங்களில் தங்கமான மெஷின்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் நான்கு பேர் தேங்காய்த்திட்டில் எங்கள் கேப்டன் வீட்டில் கூடுவோம். கேப்டன் என்றால் என் வகுப்புத் தோழன்தான்; அவன் அப்பாவுக்கு ஒரு விசைப்படகில் பங்கு. வீட்டுக்குப் பின்னால் வலை போட்டுவைக்கும் அறையில், வலைகளை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, நான்கு கம்ப்யூட்டர்களையும் ஒயரால் இணைப்போம். முத்தியால்பேட்டையில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் கேபினட்டை ஸ்கூட்டரில் காலடியில் வைத்து நானே ஓட்டிப்போவேன். அந்தக் காலத்துக் குண்டு மானிட்டர் அப்படியெல்லாம் வராது. அதற்கு அவர்கள் வீட்டில் மீன் ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி இருந்தது. காலை மீன் ஏலம் முடிந்ததும் கேப்டன் வண்டியைக் கழுவி, மேலே பாய் விரித்து, வீடு வீடாக வந்து மானிட்டர்களை ஏற்றிப்போவான். திங்கட்கிழமை வரைக்கும் என் அறையில் லேசாக மீன் வாடை அடிக்கும்.

இன்னொரு கல்லூரியின் விழாவில் போட்டி அறிவித்திருந்தார்கள். லேப் கம்ப்யூட்டரில் கேம் ஏற்ற அங்கிருந்த துறைத்தலைவர் ஒத்துக்கொள்ளவில்லையாம். ஆகவே அணிக்கு நான்கு பேர், ஆளுக்கொரு மெஷின், அவரவரே தூக்கிக்கொண்டு வரவேண்டும். அதற்கு இரண்டு வாரம் இருந்தபோது, ஒரே காலையில் ஆறு முறை புகைக்குள் செத்தேன். கேப்டன் ஹெட்போனைக் கழற்றினான்.

“இன்னாடி, வந்தது முதல் செத்துக்கினே இருக்க?”

“நான் சாவலடா. மெஷின் சாவுது.”

“ரெண்டும் ஒண்ணுதான். வர்ற ஞாயித்துக்கிழமையும் நின்னுச்சுன்னா கடலூர்லேர்ந்து எங்க மாமா பையன வரச் சொல்லிருவேன். அவன் மெஷின் புதுசு.”

“அவனுக்கு விளையாடத் தெரியுமா?”

“தெரியாது. ஆனா நிக்க மாட்டான்.”

மற்ற இருவரும் சிரித்தார்கள். கேப்டன் சிரிக்கவில்லை. அந்த அணியில் என் இடம் சும்மா வந்ததல்ல. ‘பொண்ணு என்ன விளையாடப் போறா’ என்று கேட்டவர்களை வரிசையாகச் சுட்டு வாங்கியது.

கிராபிக்ஸ் கார்டை மாற்று என்றார்கள் எல்லோரும். பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துச் சேர்த்த காசு என்னிடம் இருந்தது. பழைய பாகமாக ஒன்றே ஒன்று வாங்கலாம். அந்த ஒன்று தப்பாகிவிட்டால் அடுத்ததற்கு வழியில்லை. திங்கட்கிழமை கல்லூரி விட்டதும் பழைய பாகங்கள் விற்கும் மாடிக் கடைக்குப் போனேன்.

“பழசுல ரிட்டர்ன் கெடையாதும்மா” என்றார் கடைக்காரர். “கார்டுதான்னு முடிவா தெரியுமா?”

“எல்லாரும் அதத்தாண்ணே சொல்றாங்க.”

“எல்லாரும் சொல்றாங்கன்னு வந்து வாங்கினுப் போயி, மறுநாள் எங்கிட்ட வந்து மூஞ்சத் தூக்குவாங்க. நீ பாத்துட்டு வா. வெள்ளிக்கிழமை வரைக்கும் எடுத்து வைக்கிறேன்.”

கீழே இறங்கி நேராக பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தேன். எங்கோ ஒரு ஊர்க்காரன் இணையத்தில் எழுதியிருந்தான்: திரையில் வரும் படத்தின் அளவைக் குறைத்துப் பார். படம் வரைவது கார்டின் வேலை. வரைய வேண்டியது குறைந்தும் வேகம் கூடவில்லை என்றால், கார்டின்மேல் பழி போடாதே.

வீட்டுக்குப் பறந்தேன். அளவை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தேன். எதிராளிகளெல்லாம் செங்கல் அடுக்கியதுபோல் வந்தார்கள். புகைக்குண்டு வீசினேன். கட்டம் கட்டமாகப் புகை வந்தது. மெஷின் நின்றது. அதே மூன்று விநாடி.

கார்டு இல்லை! நாற்காலியில் இருந்து குதித்தேன். குதித்துத் தரைக்கு வருவதற்குள் அடுத்த நினைப்பு வந்தது. அப்படியென்றால் பிராசஸரா? அதை மாற்றினால் போர்டையும் மாற்றவேண்டும். என் காசுக்கு அதன் அட்டைப்பெட்டிகூட வராது.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் கல்லூரியில் யார் பேசியதும் காதில் ஏறவில்லை. வியாழக்கிழமை லேபில் உட்கார்ந்திருந்தபோதுதான் பார்த்தேன். அங்கிருந்த கேபினட் ஒவ்வொன்றின் முகத்திலும் பச்சை விளக்குக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. ஹார்டு டிஸ்க் வேலை செய்வதைக் காட்டும் விளக்கு. என் மெஷினில் பச்சை எரியும். சிவப்பு எரிந்து நான் பார்த்ததாக நினைவே இல்லை.

வீட்டுக்கு வந்து கேபினட்டுக்கு முன்னால் முட்டிபோட்டேன். பச்சைக்குப் பக்கத்தில், சிவப்பு இருக்கவேண்டிய இடத்தில், சந்தனம். அதன்மேல் குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்தது, காய்ந்து ஓடுபோல் ஒட்டியிருந்தது.

“அம்மா! இங்க எதுக்கும்மா பொட்டு வச்ச?”

அம்மா காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். “பூஜைக்கு எல்லாத்துக்கும்தான் வச்சேன். மிக்ஸிக்கு வச்சேன், உன் வண்டிக்கு வச்சேன்.”

“இவ்ளோ பெரிய மெஷின்ல உனக்கு வேற எடமே கெடைக்கலியா? இது லைட்டும்மா!”

“எனக்கு என்னாடி தெரியும்? குட்டியா, வட்டமா இருந்துச்சி. பொட்டு வைக்கறதுக்குன்னே எடம் வுட்டிருக்கான்னு நெனச்சேன்.”

நகத்தால் சுரண்ட ஆரம்பித்தேன். “பொட்டயா சுரண்டுவ? ஈரத்துணியால தொடைடி” என்று அதட்டி, அவளே முந்தானை முனையை நனைத்துத் துடைத்துவிட்டாள். பிறகு போகாமல் அங்கேயே நின்றாள். என்ன ஆகிறது என்று பார்க்க அவளுக்கும் ஆசை.

விளையாட்டைத் தொடங்கினேன். சிவப்பு மின்னியது, அணைந்தது, மின்னியது. புகைக்குண்டை வீசினேன். சிவப்பு அணையாமல் நிலையாக எரிந்தது. திரை உறைந்தது. விளக்கு அணைந்த அந்த நொடியே திரை அசைந்தது. மறுபடி வீசினேன். மறுபடியும் அப்படியே. விளையாட்டைச் சுருக்கிவிட்டு, எவ்வளவு ரேம் செலவாகிறது என்று காட்டும் கணக்கைத் திறந்தேன். விளிம்புவரை நிரம்பியிருந்தது.

“இன்னா சொல்லுது லைட்டு?” என்றாள் அம்மா.

“ரேம் பத்தலம்மா. கையில வச்சிக்க எடமில்லாம ஒவ்வொரு தடவையும் பீரோவத் தொறந்து தேடுது. அதான் நிக்குது.”

“அப்ப பெரிய கையா வாங்கு” என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை கடைக்காரர் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தார். நான் ரேம் கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் போர்டுக்குப் பொருந்துகிற ரேம் ஒன்றைத் தேடி எடுத்து, அதன் செம்புப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துக் கொடுத்தார். “கடல் காத்துல கறுத்துப் போவும். மாசத்துக்கு ஒருவாட்டி இப்படித் தேச்சிக்க.” கார்டு விலையில் பாதிகூட ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வலை அறையில் முதல் புகைக்குண்டு என்மேல்தான் விழுந்தது. மெஷின் நிற்கவில்லை. புகை பஞ்சுபோல் சுருண்டு விரிவதை வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்த்தேன்.

பார்த்துக்கொண்டே செத்தேன்.

“திரும்பவும் நின்னுச்சா?” என்றான் கேப்டன்.

“இல்லடா, சத்தியமா நிக்கல.”

அடுத்த புகை. அதிலும் செத்தேன். கேப்டன் எழுந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டான். மூன்றாவது புகையில் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது.

“மெஷினு ஓடுதுடி. உன் கைதான் நிக்குது. பாரு.”

பார்த்தேன். என் வலது கை மவுஸை விட்டு மேலே தூக்கி நின்றது. எப்படியும் உறையப்போகிறதே என்று, புகை வந்ததும் கையை எடுத்துவிட்டுக் காத்திருக்க ஆறு மாதமாகப் பழகியிருந்தது. இதற்கு அந்த மாடிக் கடையில் பாகம் கிடைக்காது.

“எல்லாரும் எம்மேலயே போடுங்கடா” என்றேன். “நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க.”

போட்டார்கள். “கொசு மருந்து அடிக்கிற மாரி இருக்குதுடா” என்று ஒருவன் சிரித்தான். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை புகைக்குள்ளேயே கிடந்தேன். முதலில் கை பாதி தூரம் தூக்கி நின்றது. பிறகு விரல்கள் மட்டும் துள்ளின. பிறகு ஒரு முறை, கை கிளம்பும் முன்பே நான் இடதுபக்கம் நகர்ந்து, புகை கலைகிற ஓரத்தில் தெரிந்த உருவத்தைச் சுட்டுவிட்டேன். விழுந்தது கேப்டன்.

அவன் போனை எடுத்துக் கடலூருக்கு அடித்தான்.

“மாமா, பையன அனுப்ப வேணாம். இல்ல மாமா, ஆளு இருக்குது.” வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான். “சனிக்கிழமை போட்டிக்கு, காலையில ஆறரைக்கு வண்டி வரும். மானிட்டர வாசல்ல எடுத்து வச்சிரு. லேட் பண்ண, உன்னயும் பாய்ல சுத்தி ஏத்திக்கினு பூடுவேன்.”

“சரி, சரி” என்றேன். “ஒக்காரு. இன்னொன்னு போடு.”