பஞ்சு அடைத்த மாத்திரைப் போத்தல்

தம்பியின் மாத்திரைப் போத்தலுக்குள் நான்தான் பஞ்சு அடைத்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒற்றைச் சுவருக்கு அப்பால் பக்கத்துக் காம்பராவில் மூச்சு விட்டாலே கேட்கும். மாத்திரை குலுங்கினால் என்ன ஏது என்று கேட்காமல் விடுவார்களா? அவனுக்கு எச்ஐவி என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இரத்தத்தில் உள்ள வெண்குருதிக் கலங்கள் உடம்பின் காவற்காரர்கள் என்று எத்தனையோ தரம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பதுளை கிளினிக்கில் நர்ஸ் சொன்ன பிறகுதான் என் பாடம் பாதிப் பாடம் என்று தெரிந்தது. எச்ஐவி கிருமியைப் பிடிக்கிற காவற்கலமே அதை நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோகுமாம். அங்கேதான் மற்றக் கலங்கள் கூடியிருக்கும். கிருமி அவற்றுக்குள் புகுந்து பெருகிவிடுமாம்.

"நல்லதுன்னு நெனச்சுத்தான் அது தூக்கிட்டுப் போகுது, டீச்சர். மாத்திரைதான் கிருமி பெருகாம அடக்கி வைக்கும். ஒரு நாளும் விடக்கூடாது," என்றார்.

தம்பி ஒழுங்காகப் போட்டான். உடம்பு தேறியது. அதுவே வினையானது. மாரியம்மன் திருவிழாவுக்குக் காவடி எடுக்கக் காப்புக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"இனி மருந்து தொட மாட்டேன்க்கா. ஆத்தா பாத்துக்குவா."

"மாத்திரைய நிப்பாட்டச் சொல்லி ஆத்தா வந்து சொன்னாளா?"

சிரித்தான். கெஞ்சினேன், திட்டினேன். ஐந்து நாள் போனது. கடைசியில் தோட்டத் தலைவரிடம் போனேன். எங்கள் லயத்தில் எந்தப் பிரச்சினைக்கும் அவர்தான்; நல்ல மனிதர். உண்மையைச் சொல்லி, "அவன் காப்ப அவுக்க வைங்கண்ணே, அப்பதான் மாத்திரை போடுவான்," என்று அழுதேன்.

"நான் பாத்துக்கிறேன், டீச்சர்."

அன்று மாலையே கோயில் கமிட்டியைக் கூட்டினார். அலகு குத்தினால் இரத்தம் வருமே என்று நல்ல எண்ணத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் தம்பியும் நானும் பொதுப் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது எல்லாரும் குடங்களைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். குடத்தைத் தொட்டால் பரவாது என்று கத்த வேண்டிய டீச்சர் எனக்கு வாய் வரவில்லை. அவன் என்னைத்தான் பார்த்தான்.

"நீயாக்கா?"

மத்தியானம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அவன் இல்லை. அறுத்த காப்பு அடுப்படியில் கிடந்தது. போத்தலை விட்டுவிட்டுப் போயிருந்தான். அவன் போன் வேலை செய்யவில்லை.

தலைவர் மேல் கோபம் இல்லை என்றால் பொய். ஆனால் இரகசியத்தை அவரிடம் தூக்கிக்கொண்டு போனது நான்.

இன்றோடு பதினோரு நாள். ஹாலிஎல, லுணுகலை, கொஸ்லந்த என்று பஸ் பஸ்ஸாக ஏறித் தேடுகிறேன். பஞ்சை எடுத்து எறிந்துவிட்டேன். இனி யாருக்கு மறைக்க? வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் மடியில் இருக்கும் போத்தல் சத்தம் போடுகிறது. அவன் காப்புக் கட்டிய நாளிலிருந்து அதில் ஒரு மாத்திரையும் குறையவில்லை.