இனிஷியலில் இருந்தவர்

எர்லாங்கனில் உமாபதியைத் தெரியாத தமிழர் கிடையாது என்று சொன்னால் அதில் பெருமை ஒன்றுமில்லை. 1975-இல் அந்த ஊரில் மொத்தமே பதினோரு தமிழர்கள்தான் இருந்தார்கள். ஆனால் மேற்கு ஜெர்மனி முழுவதும் சிதறிக் கிடந்த அறுபத்து மூன்று தமிழர்களை அவருக்குத் தெரியும் என்பது கொஞ்சம் பெரிய விஷயம்தான். தெரியும் என்றால் பெயரளவில் அல்ல. எல்லாருடைய விவரமும் நீல அட்டை போட்ட ஒரு தடித்த புத்தகத்தில் இருந்தது. யார் எந்த ஊரில், எந்தத் தெருவில், எத்தனையாவது மாடியில். யாருக்கு எப்போது பிறந்தநாள். யாரிடம் பிரஷர் குக்கர் இருக்கிறது. யார் அடுத்து இந்தியா போகிறார், அவர் பெட்டியில் இடம் இருக்குமா என்பது வரை எழுதி வைத்திருந்தார். சேஷாத்ரியின் பெயருக்கு எதிரே 'வெங்காயம் பூண்டு கிடையாது' என்று மையில் இருக்கும். அதன் கீழேயே பென்சிலில் 'சாசேஜ் உண்டு' என்றும் இருக்கும்.

உமாபதிக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை, ஆகவில்லையே என்ற குறையும் இல்லை. திருநெல்வேலியிலிருந்து 1966-இல் வந்தவர், எர்லாங்கனிலேயே பெரிய மின்பொருள் நிறுவனத்தில் சர்க்யூட் வரைபடம் போடுகிற வேலை. காலையில் சைக்கிளில் போவார், மாலையில் சைக்கிளில் வருவார். வீட்டுக்காரி ஹெர்ட்லைன் அம்மாள் கீழ்த்தளத்தில் இருந்தார். சாம்பார் வைக்கிற நாளில் ஜன்னல் இரண்டையும் திறந்து வைப்பது, அதற்கு ஈடாக அந்த அம்மாளுக்கு ஒரு கிண்ணம் கொடுத்துவிடுவது என்று இருவருக்கும் ஒப்பந்தம். முதல் வருடம் அந்த அம்மாள் வாசனைக்கு மூக்கைப் பொத்தினார். மூன்றாம் வருடம் கிண்ணம் சின்னதாக இருக்கிறது என்று புகார் சொன்னார். டெலிபோன் கீழே நடையில், இருவர் பெயரிலும் இருந்தது. அந்த நடையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துதான் உமாபதி தன் அறுபத்து மூன்று பேரையும் மேய்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அறுபத்து மூன்றில் அவருக்கு உயிரானவர்கள் ரவிச்சந்திரனும் அவன் மனைவி வத்சலாவும். ரவி கடலூர்க்காரன், முப்பத்தொரு வயது. எர்லாங்கனில் படித்த காலத்தில் உமாபதியின் சமையலைச் சாப்பிட்டே உடம்பு தேறியவன். படிப்பு முடிந்து வேலை தேடிக்கொண்டிருந்தபோது, வடக்கே லூனபுர்க் புல்வெளிப் பக்கம் எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களின் ஆய்வுக்கூடத்தில் ஆள் வேண்டும் என்ற விளம்பரத்தைப் பேப்பரில் கத்தரித்துக் கொடுத்ததே உமாபதிதான். கொடுத்ததோடு நின்றாரா? கூடவே போய் வீடும் பார்த்துக் கொடுத்தார். கிஃப்ஹோர்னிலிருந்து கொஞ்ச தூரத்தில் காட்டோரக் கிராமம். வத்சலா நகரத்திலேயே ஒரு சின்ன ஃப்ளாட் போதும் என்றாள். "பைன் மரக் காத்தும்மா! கொல்லைக் கதவைத் திறந்தா காடு. இந்தக் காத்துக்கு ஊட்டிக்குல்லா போகணும்!" என்று உமாபதி அடித்துப் பேசி அந்த வீட்டையே எடுக்க வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காலை பத்து மணிக்கு ரவி போன் செய்வான். ஆகஸ்ட் பத்தாம் தேதி போன் வரவில்லை. பதினொன்றரை வரை உமாபதி முக்காலியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஹெர்ட்லைன் அம்மாள் தன் அறையிலிருந்து உமாபதியை, 'திரு'வுக்கு ஜெர்மனில் சொல்லும் 'ஹெர்' போட்டுக் கூப்பிட்டார்.

"ஹெர் சங்கரலிங்கம், இங்கே வாருங்கள். உங்கள் நண்பர்கள் இருப்பது இந்தப் பக்கம்தானே?"

டெலிவிஷனில் காடு எரிந்துகொண்டிருந்தது. கறுப்பு வெள்ளைப் பெட்டியில் நெருப்பு வெள்ளையாகத் தெரிந்தது. அதுவே பார்க்க ஒரு மாதிரி இருந்தது. வாரக்கணக்கில் மழை இல்லை, காற்று திசை மாறி மாறி அடிக்கிறது, கிராமங்களைக் காலி செய்கிறார்கள், ராணுவம் டாங்கிகளோடு இறங்கியிருக்கிறது என்றார்கள். கிஃப்ஹோர்ன் என்ற பெயர் காதில் விழுந்ததும் உமாபதி பெட்டிக்கு அருகே போய் நின்றார். வத்சலாவுக்கு ஏழாம் மாதம். கொல்லைக் கதவைத் திறந்தால் காடு.

ரவியின் எண்ணுக்கு அடித்தார். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. அன்று பூராவும் முப்பது தடவையாவது அடித்திருப்பார். கடைசியில் ஹெர்ட்லைன் அம்மாளே வந்து ரிசீவரைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, சாப்பிடச் சொன்னார். பட்டாணி உரித்தது உரித்தபடி கிடந்தது.

திங்கட்கிழமை காலையில் ரேடியோவில் ஒரு விசாரணை எண் சொன்னார்கள். வீட்டைவிட்டு வெளியேறியவர்களின் பெயர்ப் பட்டியல் அங்கே இருக்கிறதாம். உமாபதி ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். ஊரே அந்த எண்ணுக்கு அடித்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கிடைத்தது. களைத்த குரலில் ஒரு பெண் பேசினாள்.

"யாரைத் தேடுகிறீர்கள்?"

"ரவிச்சந்திரன். கணவன் மனைவி இரண்டு பேர்." எழுத்து எழுத்தாகச் சொன்னார். கிராமத்தின் பெயரையும் சொன்னார்.

தாள் புரட்டும் சத்தம் கேட்டது. மறுபடியும் புரட்டினாள். "அந்தக் கிராமத்தில் எல்லாரையும் நேற்றுக் காலையிலேயே வெளியேற்றிவிட்டார்கள். ஆனால் பட்டியலில் ரவிச்சந்திரன் என்று யாரும் இல்லை."

"நல்லா... நன்றாகப் பாருங்கள்."

"இரண்டு முறை பார்த்துவிட்டேன். ஒருவேளை அவர்கள் இன்னும் பதிவு செய்யாமல் இருக்கலாம். விசாரித்தவர் பெயரைக் குறித்துக்கொள்கிறேன், சொல்லுங்கள்."

"சங்கரலிங்கம்," என்று சொல்லி, வீட்டு எண்ணையும் கொடுத்துவிட்டு உமாபதி ரிசீவரை வைத்தார்.

ஊரைக் காலி செய்தாகிவிட்டது, பட்டியலிலும் இல்லை என்றால் அவர்கள் எங்கே? காட்டுப் பாதையில் கார் எங்கேயாவது நின்றிருக்குமோ? வயிற்றுப் பிள்ளைக்காரியால் புகைக்குள் ஓட முடியுமா? நான்தானே அந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தேன், நான்தானே பைன் மரக் காற்று என்று பினாத்தினேன் என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஊரில் வத்சலாவின் அம்மா வளைகாப்புக்கு வளையல் வாங்கி அனுப்பியிருந்தாள். அது போன வாரம்தான் உமாபதி கைக்கு வந்து அலமாரியில் இருந்தது. அந்தப் பொட்டலத்தைப் பார்த்ததும் மனிதர் கண் கலங்கிவிட்டார்.

வண்டி ஏறிப் போய்விடலாம் என்று பையை எடுத்தார். ரயில் நேரம் கேட்கலாம் என்று மறுபடி நடைக்கு வந்தார். அப்போது ஹெர்ட்லைன் அம்மாள் எட்டிப் பார்த்து, "ஏதாவது தெரிந்ததா, ஹெர் சங்கரலிங்கம்?" என்று கேட்டார்.

உமாபதி அப்படியே நின்றார்.

சங்கரலிங்கம். யார் சங்கரலிங்கம்? பாளையங்கோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அவருடைய அப்பா அல்லவா சங்கரலிங்கம்! பாஸ்போர்ட்டில் 'எஸ்' என்ற இனிஷியலை விரித்து எழுதப் போக, ஜெர்மன்காரர்கள் அதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, ஒன்பது வருடமாக ஆபீசிலும் வங்கியிலும் மளிகைக் கடையிலும் அவரை அவர் அப்பா பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். பழகிப்போய், சற்று முன் போனில்கூட வாய் தானாக அதைத்தான் சொன்னது. அவருக்கு அப்படி என்றால் ரவிக்கு மட்டும் வேறு மாதிரியா இருக்கும்? பட்டியலில் ரவிச்சந்திரனை எங்கே தேடுவது? அவன் அப்பாவையல்லவா தேட வேண்டும்!

"நான் ஒரு மடையன்!" என்று ஹெர்ட்லைன் அம்மாளிடம் தமிழிலேயே சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினார். நீலப் புத்தகத்தைப் பிரித்தார். 'பி. ரவிச்சந்திரன்' என்று அவர் கையெழுத்திலேயே அழகாக இருந்தது. பி. அவ்வளவுதான். செருப்பு அளவு எட்டு என்று எழுதியிருந்தார். மிளகு ரசம் பிடிக்கும் என்று எழுதியிருந்தார். எட்டு வருடமாகத் தம்பிபோலப் பழகுகிறவனுடைய அப்பா பெயரை மட்டும் அவர் எழுதவில்லை, ஏனென்றால் கேட்டதே இல்லை. ரவி பேச்சில் அப்பா எப்போதும் 'அப்பா'தான். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். வாயில் விசிலோடு வீட்டுக்கு வருவார். இரண்டு வருடத்துக்கு முன் திடீரென்று இறந்துபோனார். ரவியால் காரியத்துக்குக்கூடப் போக முடியவில்லை. இத்தனையும் தெரியும். பெயர் தெரியாது.

கெட்டிங்கனில் இருந்த சேஷாத்ரிக்கு அடித்தார். அவர் ரவியோடு ஒரே அறையில் இரண்டு வருடம் இருந்தவர்.

"ரவியோட இனிஷியல் பி இருக்குல்லா, அதுக்கு எக்ஸ்பான்ஷன் என்னவே?"

"பி-யா?" சேஷாத்ரி யோசித்தார். "பழனிச்சாமியா இருக்குமோ? பெருமாளோ? இருங்கோ, பார்த்தசாரதின்னு ஞாபகம். இல்லை, அது எங்க மாமா. ஏன் கேக்கறேள், என்ன ஆச்சு?"

"ரெண்டு வருஷம் ஒண்ணாப் படுத்து எந்திரிச்சிருக்கீரு, இது தெரியாதா?"

"உமக்குத் தெரியுமோ?"

உமாபதி போனை வைத்தார். வாயில் வந்த பெயரையெல்லாம் அந்தப் பெண்ணிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்க முடியுமா? உமாபதி மறுபடி யோசித்தார். ஒரு மனிதனுக்கு அப்பா பெயர் எந்தக் காகிதத்தில் முழுசாக இருக்கும்? சான்றிதழில் இருக்கும், அது ரவியிடம் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் இருக்கும், அதுவும் அவனிடம். அப்புறம்? அப்புறம் கல்யாணப் பத்திரிகையில் இருக்கும்!

உமாபதி எதையும் தூக்கிப் போடாதவர். அதை வைத்து அறுபத்து மூன்று பேரும் அவரைக் கேலி செய்ததுண்டு. கட்டிலுக்கு அடியிலிருந்து பிஸ்கட் டின்னை இழுத்து, பொங்கல் வாழ்த்து, ரயில் டிக்கெட், ராக்கெட் படம் போட்ட தபால் தலை எல்லாவற்றையும் தரையில் கொட்டினார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை அடியில் கிடந்தது. 1971, ஆவணி மாதம், கடலூர். தங்கள் நல்வரவை விரும்பும், ம. பரமசிவம், உடற்பயிற்சி ஆசிரியர்.

இந்தத் தடவை ஒன்றரை மணி நேரம் ஆனது. அதே பெண்தான் எடுத்தாள்.

"பரமசிவம்," என்றார் உமாபதி. "பி, ஏ, ஆர், ஏ..."

அவர் முழுசாகச் சொல்லி முடிக்கக்கூட இல்லை. "இருக்கிறார்கள்," என்றாள். "பரமசிவம், ரவிச்சந்திரன். பரமசிவம், வத்சலா. இரண்டு பேரும் நலம். பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் தங்கவைத்திருக்கிறோம். எண் தருகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்."

உமாபதிக்கு உயிர் வந்தது. எண்ணை எழுத பேனா கிடைக்காமல் ஹெர்ட்லைன் அம்மாளின் சமையல் குறிப்பு நோட்டில், அவருடைய பென்சிலாலேயே எழுதினார். அந்த அம்மாள் முந்தானை இல்லாத குறையாக ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ போனை எடுத்தார்கள். "ஹெர் பரமசிவம்! ஹெர் பரமசிவம், டெலிபோன்!" என்று ஓங்கிக் கூப்பிடுவது உமாபதிக்குக் கேட்டது. பெரிய கூடம் போலிருக்கிறது, பெயர் எதிரொலித்து எதிரொலித்து வந்தது. செருப்பு தேய்கிற சத்தம்.

"ஹலோ?"

"எலே ரவி!"

"அண்ணே!" என்று அவன் கத்தினான். "அண்ணே, நீங்களா! நல்லாயிருக்கோம்ணே. வத்சலாவும் நல்லாயிருக்கா, டாக்டர் வந்து செக் பண்ணிட்டாரு. பத்து நிமிஷம்தான் டைம் கொடுத்தாங்க, பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கிட்டு ஓடியாந்துட்டோம். உங்க நம்பர் சுவத்துல எழுதி வச்சிருந்தது, மனசுல நிக்கல. நேத்துலேருந்து இங்க இருக்குற பொண்ணுகிட்ட எர்லாங்கன்ல உமாபதி, உமாபதின்னு உயிரை விடறேன். டெலிபோன் என்கொயரியில அப்படி ஒரு ஆளே இல்லைங்கிறாங்க!"

"எப்படி இருப்பான்? எங்க ஆபீஸ்லயே அப்படி ஒரு ஆள் கிடையாது. எஸ்ஸுன்னா என்னன்னு என்னைக்காவது கேட்டியாலே நீ?"

"நீங்க மட்டும் கேட்டீங்களா?" என்று ரவி சிரித்தான். பிறகு கேட்டான். "ஆமா, எங்களை எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?"

"நான் எங்க கண்டுபிடிச்சேன்? உங்க அப்பால்லா கண்டுபிடிச்சுக் கொடுத்தாரு."

கூடத்தில் ஏதோ குழந்தை அழுவது மட்டும் கேட்டது. உமாபதி, சொல்லியிருக்கக் கூடாதோ என்று பயந்துபோனார்.

"நேத்துலேருந்து அவரு பேரைத்தாண்ணே கூப்பிடறாங்க," என்றான் ரவி மெதுவாக. "சாப்பாட்டுக்கு, போர்வைக்கு, டாக்டருக்கு. மைக்குல பரமசிவம்னு கேக்குறப்பல்லாம் அவரும் இங்கதான் எங்கயோ விசிலோட நிக்கிறாருன்னு தோணுது. நான் எந்திரிச்சு ஓடறேன்."

அப்புறம் வத்சலா போனை வாங்கி, "அண்ணா, காத்து நல்லாத்தான் இருந்தது, போங்க!" என்று ஒரு குத்து குத்தினாள். உமாபதிக்கு அது தேனாக இனித்தது. வளையல் பொட்டலத்தோடு சனிக்கிழமை வருவதாகச் சொன்னார்.

காற்று கடைசியில் வேறு பக்கம் திரும்பியதால் வீடு தப்பியது. கொல்லைக் காடு மட்டும் கரிக்கட்டையாக நின்றது. உமாபதி அந்த மாதம் முழுக்க முக்காலியில் உட்கார்ந்து அறுபத்து மூன்று பேருக்கும் போன் செய்து அப்பா பெயரைக் கேட்டார். பாதிப் பேர் பெண் பார்க்கிறாரோ என்று சந்தேகப்பட்டார்கள்.

அக்டோபரில் ரவிக்குப் பெண் பிறந்தது. பெயர் கண்மணி. பதிவு அலுவலகத்தில் குழந்தையின் குடும்பப் பெயர் பரமசிவம் என்று எழுதிக் கொடுத்தார்களாம். உமாபதிக்கு அது பொறுக்கவில்லை.

"தப்புல்லா அது? முறைப்படி ஆர். கண்மணி. அப்பன் நீ இருக்க, தாத்தா பேரை எப்படிப் போடுவான்? நான் ஒரு லெட்டர் டிராஃப்ட் பண்ணித் தாரேன், மாத்திருவோம்."

"வேணாம்ணே," என்றான் ரவி. "அவளும் தொலையாம இருக்கட்டும்."

உமாபதி நீலப் புத்தகத்தை எடுத்து, அறுபத்து நாலாவது ஆளாக, கண்மணி பரமசிவம் என்று முழுசாக எழுதினார்.